சம்பலும் விஸ்வலிங்கத்தின் கால்களும்

என் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி அக்காவுக்குப் பூனைகளின் குணம் அத்துப்படி. 1984இல் ஆயர் ஈத்தாம் ஊரில் எங்கள் வீட்டு வரிசையில் யார் வீட்டுப் பூனை என்ன செய்தாலும் அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். செத்த பல்லியைத் தலையணை அருகே கொண்டுவந்து போடுகிறதா? "உனக்கு வேட்டையாடத் தெரியலன்னு அதுக்குக் கவலை லா" என்பார். வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால் வணக்கம், மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் நம்பிக்கை. அக்கா பள்ளிக்கூட டீச்சர். 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமே இல்லை.

அவருடைய பூனையின் பெயர் சம்பல். செம்பட்டை நிறம், நுனி மடங்கிய கட்டை வால். அக்காவுக்கு அதுதான் உயிர். கணவர் விஸ்வலிங்கம் அண்ணனோ அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். துறைமுகத்தில் கிளார்க், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் ஒரு முடி ஒட்டினாலும் அவருக்கு அன்றைய நாள் கெட்டுவிடும்.

அந்த மழைக்காலத்தில் நனைந்த சப்பாத்தோடு அலைந்து, அண்ணனுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. டாக்டர் கொடுத்த களிம்புக்கு அது அசையவில்லை. அக்கா கைவைத்தியத்தில் இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் மண்டிக்கிடந்த குப்பைமேனியைப் பிடுங்கி, மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துத் தினமும் காலையில் பூசிவிட்டார். மற்றவர்கள் இலையை மட்டும்தான் அரைப்பார்கள். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். வேரையும் சேர்த்தே அரைத்தார்.

நாலே நாளில் அரிப்பு குறைந்தது. சம்பலுக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டது. அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு புரண்டது. எச்சில் ஒழுக ஒழுக சப்பாத்துக்குள் தலையை விட்டது. இரண்டு ஜோடி காலுறையைக் கிழித்துப்போட்டது.

"நீங்க அதப் பாக்குறதே இல்ல. யாரு முறைச்சுப் பாக்கலையோ அவங்கமேலதான் பூனைக்கு நம்பிக்கை வரும்" என்று அக்கா பாடம் நடத்தினார்.

"அப்ப பஸ் ஸ்டாப்பு வரைக்கும் என் பின்னாடி வர்ற மூணு தெருப்பூனைக்கும் நம்பிக்கைதானா?" என்று அண்ணன் கத்தியது என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. "ஆபீஸ்ல பூனை மாமான்னு கூப்பிடுறானுங்க. போதும் நாயகி. ஞாயித்துக்கிழமை இத பசார்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்."

சந்தையில் மீன் கழிவாவது கிடைக்கும் என்று பூனையை அங்கே விட்டுவருவது ஊர் வழக்கம். அண்ணன் சொன்னால் செய்பவர். வெள்ளிக்கிழமையே பெட்டியும் கயிறும் வந்துவிட்டன. அன்று முழுக்க அக்காவின் கண் சிவந்தே இருந்தது.

சனிக்கிழமை மதியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க வந்து பாரு!" ஓடினேன். கழுவாத அம்மியின்மேல் சம்பல் மல்லாந்து கிடந்தது. அரைத்து மிஞ்சிய குப்பைமேனி வேரை முன்கால்களில் அணைத்துக்கொண்டு, கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து உருண்டது. அக்கா வேரைப் பிடுங்கித் தூர எறிந்தார். சம்பல் வேரின் பின்னாலேயே பாய்ந்தது.

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் சொன்னேனே! இது எனக்குத் தெரியலையே!"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். சாயந்தரம் அண்ணனிடமும் அதையே சொல்லி, "தப்பு என்மேலதான். அத விட்டுடாதீங்க" என்று கெஞ்சினார். அண்ணன் பெட்டியைப் பிரித்துப் பழைய பேப்பரோடு வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து இலை மட்டும் அரைபட்டது. தெருப்பூனைகள் தங்கள் வழியைப் பார்த்துப் போயின. சம்பலும் பழையபடி அக்காவின் மடிக்கே திரும்பியது. கால்சட்டையில் ஒரு முடி இல்லை. இரண்டு வாரத்தில் கால் முழுக்க ஆறிவிட்டது. அண்ணனின் முகத்தில் மட்டும் களை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார், சம்பல் பக்கம் பார்ப்பார், மடக்கிக்கொள்வார்.

ஒருநாள் சாயந்தரம் நான் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "நாயகி, கால் மறுபடி கொஞ்சம் அரிக்குது. அந்த மருந்த அரைச்சுக் குடேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல மட்டுமா, வேரோடயா?" என்று கேட்டார்.

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"வேரோடயே அரை."