ஆறின பாண்

நானா எனக்குத் தந்த முதல் பாண் ஒரு சொப்பிங் பேக்குக்குள் இருந்தது. பையின் உட்புறமெல்லாம் ஆவி படிந்து, நீர் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். "சூடு போறதுக்குள்ள சாப்புடுங்க, தங்கச்சி" என்று இரண்டு கையாலும் நீட்டினார். நகத்தால் முடிச்சைப் பிரித்து, உள்ளே இருந்ததை விரலால் அழுத்தினேன். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றுவிட்டது. வெளுத்த, ஈரமான, தலையணை போன்ற ரொட்டி; அங்கே அதைப் பாண் என்பார்கள். நானா வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். அடுத்த நாளும் அதேபோல் ஒன்று வந்தது.

நான் புதுச்சேரிக்காரி. கிராம்பிலும் சாதிக்காயிலும் எண்ணெய் வடிக்கும் ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்து மாத்தளைக்குப் போனேன். பக்கத்தில் பல்லேபொலவில் நானாவும் ராத்தாவும் தங்கள் வீட்டு மாடி அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் அங்குள்ள முஸ்லிம்கள் சொல்வார்கள். வந்த வாரமே எனக்கும் அப்படித்தான் வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நானாவின் போறணை இருந்தது. செங்கல் கட்டி, விறகு எரிக்கும் பெரிய அடுப்பு. விடியும் முன்பே பாணைச் சுட்டு எடுத்து, த்ரீவீலரின் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, பாட்டைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வெளிநாட்டில் எனக்கு ஒரு பேக்கரிக்கு மேலேயே அறை கிடைத்திருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பாண் மணத்தில் கண் விழித்து, வாயில் வைக்க ஒரு துண்டு நல்ல பாண் இல்லாமல் வேலைக்குப் போகும் ஒருத்தியாக ஆகப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

நல்ல பாண் என்று நான் சொல்வது எங்கள் ஊர் நீள ரொட்டியை. மேலோடு பழுப்பேறி, உடைத்தால் மடியெல்லாம் தூள் சிதற வேண்டும். உள்ளே பெரிதும் சிறிதுமாக ஓட்டைகள் இருக்க வேண்டும். மெல்லும்போது தாடைக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும். பல்லேபொலவில் பாணை இரண்டிரண்டாக ஒட்டவைத்துச் சுட்டுப் பிய்த்துக் கொடுப்பார்கள். பக்கங்களில் மேலோடே இருக்காது. பருப்புக் கறியில் தோய்க்க அதுதான் வசதி. ராத்தா மிளகாய் இடித்துச் செய்யும் கட்டசம்பலோடு அதை நான் விரும்பியே தின்றிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தினமும் அதுவேதானா? கறி துடைக்கிற பஞ்சு என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ராத்தா சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

விடுமுறை நாட்களில் மாத்தளை டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பெரிய கடையில் நீளமாக ஒன்றை வைத்திருந்தார்கள். ஓடிப்போய் எடுத்தேன், அதே பஞ்சு, நீளமாக. பிறகு ஒரு மின்சார ஓவன் வாங்கினேன். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்குப் போட்டதும் மின்சாரம் இறங்கி அது சூடேற மறுத்துவிடும். ஒருமுறை மாவை இரவு முழுக்க ராத்தாவின் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். மறுநாள் வந்த பாணில் நெத்தலிக் கருவாட்டு வாசம். கடைசியில், நானா தன் பாணை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில் என் மாவை வைக்கட்டுமா என்று கேட்டேன். வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் வந்ததை அவரே கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இத லக்கலைக்கு அனுப்புங்க, தங்கச்சி. யானை வெரட்ட ஒதவும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மையிலேயே கல் போலத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாத்தளையில் இருக்கும் பெரிய பேக்கரி ஒன்று தன் த்ரீவீலர்களைப் பல்லேபொலப் பக்கம் அனுப்பத் தொடங்கியது. நானாவுக்கு முன்பே வந்து, இன்னும் சத்தமாகப் பாட்டுப் போட்டு, கேக்கும் பணிஸும் சேர்த்துக் காட்டி விற்றுவிட்டுப் போய்விடும். நானாவின் கண்ணாடிப் பெட்டி பாதி நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. ஒருநாள் தேங்காய் திருவிக்கொண்டே ராத்தா என்னிடம் சொன்னார்: இப்படியே போனால் போறணையை மூட வேண்டியதுதான், அப்புறம் இவர் யாரிடமாவது சம்பளத்துக்குத்தான் த்ரீவீலர் ஓட்ட வேண்டும். தன் போறணைக்கு நெருப்பு மூட்டுவதைத் தவிர வேறெதற்கும் விடியலில் எழுந்தறியாதவர் அவர். சொல்லும்போது ராத்தாவின் கை நிற்கவே இல்லை.

எனக்கு ஒரு விஷயம் தலையில் ஏறிவிட்டால் உட்கார முடியாது. தம்புள்ளை ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல்களில் எந்தப் பாணை வைக்கிறார்கள்? அவர்களும் என்னைப் போலத்தானே தவித்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு ஹோட்டலில் போய் நின்றேன். நான் பேச்சை முடிக்குமுன்பே சமையலறைத் தலைவர் தலையாட்டினார். மேலோடு முறுகலாக இருக்கும் பாண் தினமும் கிடைத்தால் எடுத்துக்கொள்வதாகவும், ஒரு வியாழக்கிழமையைக் குறித்து அன்று மாதிரிக்குக் கொஞ்சம் கொண்டுவரும்படியும் சொன்னார். இனி நானா தெருத் தெருவாக அலையாமல் ஒரே வாசலில் இறக்கிவிட்டு வரலாம். ராத்தா அன்றைக்கே இனிப்புக்கு வட்டிலப்பம் செய்துவிட்டார்.

பிறகு வந்த நாட்களெல்லாம் நானாவோடு மல்லுக்கட்டுத்தான். மாவில் தண்ணீரைக் கூட்டச் சொன்னேன், ஊற்றினார். ஒட்டவைக்காமல் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். இடம் வீணாகுதே என்று முனகியபடி வைத்தார். வழக்கமாக எடுக்கிற நேரம் வந்ததும் கை தானாகவே நீள மரச்சட்டுவத்தைத் தேடும். நான் அதைப் பறித்துப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். கருகுது, கருகுது என்று போறணை வாசலில் நின்று தவிப்பார். சுட்டு வந்ததை ஆறவிட வேண்டும், மூடக் கூடாது, மூடினால் ஆவி மேலோட்டுக்குள் இறங்கி அத்தனையும் தொய்ந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு காலை அது சரியாக வந்தது. பலகையில் வரிசையாக வைத்தோம். ஆற ஆற மேலோடு மெல்ல வெடித்து, உலர்ந்த இலையை யாரோ மிதிப்பதைப் போலப் படபடத்தது. நானா குனிந்து காதை வைத்துக் கேட்டார். "பேசுதே இது" என்றார். ராத்தாவைக் கூப்பிட்டார், அவரும் முக்காட்டை விலக்கிக்கொண்டு காதை வைத்தார். மூன்று பேரும் பாணைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அந்த வீட்டில் நான் இருந்த காலத்திலேயே எரிச்சல் இல்லாத காலை அது ஒன்றுதான்.

வியாழக்கிழமையும் பாண் அப்படியே வந்தது. என்னை ஏற்றிப் போக ஆலை வேன் வந்துவிட்டது. மூடாமல் கொண்டு போங்க என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனேன். ராத்தாவும் கூடப் போனார். அன்று நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய இடத்துக்குப் போகிறோமென்று நானா புது சொப்பிங் பேக் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தாராம். சுடச்சுட ஒவ்வொரு பாணையும் தனித்தனிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் துவாயையும் போர்த்தியிருக்கிறார். ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்வரை அத்தனையும் தன் ஆவியிலேயே ஊறியிருக்கிறது. சமையலறைத் தலைவர் ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்தாராம். சவுக்காரம் போட்டு ஊறவைத்த துணி போல வளைந்ததாம். இந்த மாதிரிப் பாண் வாசல் கடையிலேயே கிடைக்குதே என்று சிங்களத்தில் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

வேலை முடிந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் சண்டை பிடித்தேன். வேண்டுமென்றே செய்தீர்களா என்றும் கேட்டுவிட்டேன். நானா போறணைச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இதுகூட இவளுக்கு எப்படி விளங்காமல் போனது என்கிற திகைப்புத்தான் இருந்தது.

"ஆறின பாணைக் கொண்டுபோய் ஒரு ஆள்ட கையில எப்பிடிக் குடுக்குறது, தங்கச்சி? நேத்துப் பாண் கொண்டாந்திரிக்கான்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவங்களுக்கு ஆறினதுதான் வேணும் என்றேன். அப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்கிற மாதிரி ராத்தாவைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக வீட்டு வாசல்களில் நீளும் கைகள் முதலில் பாணின் சூட்டைத்தான் தொட்டுப் பார்த்திருக்கின்றன. ஆறினதை எடுத்து நீட்டுவதென்றால், ஏமாற்றுவதற்குச் சமம் அவருக்கு. தண்ணீரைக் கூட்டியதும், கருக விட்டதும் எனக்காக. இது மட்டும் அவரால் முடியவில்லை. இன்றைக்கு யோசித்தால் புரிகிறது. புரிவதால் ஆத்திரம் குறைகிறதா என்றால், இல்லை. நான் சொன்னது சரி. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பயணம், அந்தப் பைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் போதும். இன்னொரு வாய்ப்புக் கேட்டு அந்த ஹோட்டலுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. என் ஒப்பந்தமும் முடிந்தது.

இப்போது ஊரில் இருக்கிறேன். தெருமுனையிலேயே நல்ல ரொட்டி கிடைக்கிறது. போன வாரம் காலையில் ராத்தாவிடம் பேசினேன். போறணை அணைந்துவிட்டதாம். எந்தப் பேக்கரி வந்து வியாபாரத்தைப் பிடுங்கியதோ, அதே பேக்கரிக்குத்தான் நானா இப்போது த்ரீவீலர் ஓட்டுகிறார். பாண் மாத்தளையில் முதல் நாளே சுடப்பட்டு, அச்சடித்த உறைக்குள் சில்லென்று வந்து சேர்கிறது. அதை வாங்கி அடுக்கியதும் நானா கிளம்புவதில்லையாம். வீட்டுக்கு முன்னால் வெயிலில் த்ரீவீலரை நிறுத்தி, கண்ணாடிப் பெட்டி சூடேறும்வரை காத்திருக்கிறாராம். அதற்குள் சனம் வேறு இடத்தில் வாங்கிவிடுகிறது. முதலாளி ஏசுகிறார்.

"நீங்களாவது சொல்லுங்க, புள்ள. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்று ராத்தா போனை அவரிடம் கொடுத்தார்.

எப்போது கேட்டிருக்கிறார்? இருந்தாலும் தொடங்கினேன். நானா, உறைக்குள் பாண் வியர்த்துவிடும், சாயங்காலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும், வேலையும் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும். அங்க உங்களுக்குச் சூடான பாண் கெடைக்குதா?" என்றார்.

இங்கே ஆறவைத்துத்தான் விற்பார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும் என்று உண்மையைச் சொன்னேன்.

"நாளாந்தமா?" என்றார்.

"ஆமா நானா, தினமுந்தான்."

"அல்லாவே" என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார். போனைச் சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது எனக்கு. நேரமாகிவிட்டது, வண்டியை வெயிலிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கெஞ்சினேன். பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கையை வைத்துப் பார்க்கிறார்.

"இன்னும் சூடேறல்ல, தங்கச்சி" என்றார்.