வாப்பா படத்தில் விழுந்த கதை

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண உடுப்புத் தைக்கிற நளீபாவிடம் அளவு கொடுக்கப் போனால், இடுப்பளவை எழுதி முடிப்பதற்குள் அவளைப் பெற்ற வாப்பாவின் கதை வந்துவிடும். வாப்பா இஸ்ஸதீன் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் படகு ஓட்டியவர். நளீபா பிறப்பதற்கு முன்பு, கடற்படை விமானிகளைப் பற்றிப் போர்ப் படமெடுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பனி கொழும்புக்கு வந்திருந்தது. "நானும் அந்தப் படத்தில உழுந்தேன்" என்று கண்மூடி மௌத்தாகும்வரை வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவர் வாய் திறந்ததில்லை. படத்தில் விழுந்தார் என்றால் அவர் முகம் படத்தில் பதிந்திருக்கிறது என்றுதான் குடும்பமே எடுத்துக்கொண்டது.

நளீபா பொய் சொல்லமாட்டாள், கொஞ்சம் தாராளமாகச் சொல்வாள். முதலில் கரையில் கூட்டத்தோடு நின்ற வாப்பா, அவள் வாயில் வருஷத்துக்கு வருஷம் முன்னுக்கு நகர்ந்து, கடைசியில் கதாநாயகனுக்கே கைகொடுத்துவிட்டார்.

மகள் ஆதிபாவின் மாமனார் அலவியிடம் மட்டும் இது எடுபடவில்லை. கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதர், எதற்கும் ஆதாரம் கேட்பார். "எந்த இடத்தில வாறாரு, சம்பந்தி?" என்று பெருநாளுக்குப் பெருநாள் சீண்டுவார்.

போன மாதம் ஆதிபா அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். நளீபா சும்மா இருப்பாளா? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சம்பந்தி வீட்டாரை அழைத்து, புரியாணி கொடுத்து, டீவிக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

துறைமுகம் வந்தது. ஆதிபா நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். மூட்டை தூக்குகிறவர், கயிறு இழுக்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர் என்று ஒரு முகம் விடாமல் பார்த்தார்கள். வாப்பா இல்லை. படமும் முடியப்போகிறது.

அலவி சிரித்திருந்தால்கூட நளீபா தாங்கியிருப்பாள். "பரவாயில்ல சம்பந்தி, வெட்டி எடுத்திருப்பாங்க" என்று அவர் ஆறுதல் சொன்னதும் அவளுக்கு அழுகை முட்டியது. அவள் கூட்டிச் சொன்னதெல்லாம் போகட்டும். வாப்பா சொன்ன அந்த ஒரு வரியும் பொய்யா?

திரையில் அடிபட்ட விமானம் கடலில் மிதந்தது. விமானி இறக்கையின்மேல் ஏறி நின்றான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் முகத்தில் பாதியை மறைத்திருந்தன. உதடு அசைந்தது. தாடையைத் தாழ்த்தி நெஞ்சில் மூன்று தடவை ஊதினான். வலது காலை முன்வைத்துக் கடலில் குதித்தான்.

"நிப்பாட்டுங்க!" அலவி தின்றுகொண்டிருந்த வட்டிலப்பக் கோப்பையோடு எழும்பிவிட்டார். "வெள்ளைக்காரன் எங்கயாவது ஓதி ஊதிட்டுக் கடல்ல பாயுறதா?"

நளீபா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். துறைமுகத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் வாசலில் நின்று குர்ஆன் வசனம் ஓதி, நெஞ்சில் மூன்று தடவை ஊதி, வலது காலை வைத்து இறங்கின மனிதர் வாப்பா.

"உழுந்தேன், உழுந்தேன் எண்டுதானே வாப்பா செல்லிட்டு ஈந்தாரு," அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நடிகனுக்குப் பதிலா மெய்யாவே உழுந்தீக்கிறாரு! நாங்கதான் கரையில போய்த் தேடினோம்."

"இன்னொருக்காப் போடுங்க, மகள்" என்றார் அலவி.

அன்று பின்னேரம் வாப்பா பதினொரு தடவை கடலில் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் வலது காலைத்தான் முதலில் வைத்தார்.