எனக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை, பேண்ட்டில்தான் கோளாறு

இன்று காலை ராயபுரத்தில் நான் கால்களை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம்.

வண்ணாரப்பேட்டையில் வாங்கிய புது டிராக் பேண்ட். தொடைகள் உரசும் இடத்திலேயே கயிறு மாதிரி தையல் ஓடுகிறது. என் தொடைகளோ பிரிந்தே பழக்கமில்லாதவை. தெருமுனை மாதா கோயிலைத் தாண்டுவதற்குள் தோல் எரிந்து, நண்டு நடை வந்துவிட்டது.

எதிரே பக்கத்து வீட்டு மேரி அக்கா. அவர் காதுக்குப் போனது காசிமேடு வரைக்கும் போகும்.

"இன்னாப்பா, மூலம் ஆபரேஷனா? சொல்லவே இல்ல!"

"ஐயோ, இல்லக்கா!"

"இதுல இன்னா வெக்கம்? எங்க வூட்டுக்காரருக்கும் பண்ணாங்க."

வீட்டுக்கு வந்து புலம்பினால், மனைவி தன் பேண்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இதுல தையல் தொடைக்கு நடுவுல வராம முன்னால தள்ளி கீது, பாத்தியா? நீ சைடுல கீற பச்சக் கோட்டப் பாத்து மயங்கிட்ட. சரி, உன் பேண்ட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கோ. தோலாவது தப்பிக்கும்."

போட்டேன். சொர்க்கம்! வதந்தியை ஒழிக்க, மாலையில் மேரி அக்கா வீட்டு வாசல் வழியாகவே மிலிட்டரி நடை போட்டேன். இரண்டு பாக்கெட்டும் வெளியே யானைக் காது மாதிரி ஆடின.

அக்கா பக்கத்திலிருந்த பெண்களிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பாவம்டி. ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து பேண்ட்டு கூட நேரா போடத் தெரில."

நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வர வேண்டாம். தையல் முன்னால் தள்ளிய பேண்ட் என் இடுப்புக்கு எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.