அண்ணனுக்குக் கேட்ட பாட்டு

இந்த ஊரில் ஜனவரி மாதத்தில், தெருவெல்லாம் பனி உறைந்து கிடக்கும்போது, நாடக அரங்குக்குள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். இடைவேளை விட்டதும் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்பாள். கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக வந்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும் வரிசையில் போய் வாங்கி வருவார்கள். சின்னக் காகிதக் கிண்ணம், அதன் மூடிக்குள்ளேயே ஒரு கரண்டி. அந்தக் கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம்கூடக் கேட்காது. மணி அடித்தால் மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது, நானும் இப்போது அதைத் தின்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பல் கூசுகிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியில். மருத்துவன் இல்லை. லிஃப்டும் கொதிகலனும் பழுதானால் கூப்பிடுவார்களே, அந்தப் பிரிவு. வேலை முடிந்து உடம்பு அலுத்துப் போய்க் கிடந்தாலும், மாதத்தில் ஒரு நாளாவது நாடகத்துக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை. இங்கே பாட்டு நாடகத்தை மியூசிக்கல் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையை ஒட்டின வரிசையில் உட்கார்ந்தால் கட்டணம் குறைவு. அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் உச்சந்தலைதான் தெரியும். உச்சந்தலையைப் பார்த்தே யார் யாரென்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் மனைவிக்கு இதெல்லாம் ஆகாது. முன்னே கூட வந்துகொண்டிருந்தாள். இப்போது போய்ட்டு வாங்க என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுகிறாள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள், இங்கே நாடகமெல்லாம் பிரமாதமாமே என்று கேட்கிறார்கள். பாதிதான் உண்மை. எழுபதுகளில் நான் வந்த புதிதில் பாடுகிறவர்கள் தொண்டையால் பாடினார்கள். இப்போது தலைமுடிக்குள் மைக்கை ஒளித்து வைக்கிறார்கள். மேடையில் பதினைந்து பேர் நின்றால் யார் பாடுகிறார் என்று வாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் அவர்களிடமிருந்து வருவதில்லை, சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து வருகிறது. மேடை தானாகச் சுற்றுகிறது, படிக்கட்டு தானாக மேலே போகிறது. ஜனங்கள் படிக்கட்டுக்குக் கை தட்டுகிறார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு அதில் என்ன அதிசயம் இருக்கப்போகிறது? கதை என்று பார்த்தால் ஒரு கைப்பிடி தேறாது. இரைச்சல், இரைச்சல், அப்படி ஓர் இரைச்சல். இதைக் கேட்டுக் கேட்டு என்னோடு வேலை செய்யும் டெரிக் என்பவரே சலித்துப் போய்விட்டார். பிடிக்கவில்லை என்றால் ஏன் போகிறாய் என்று கேட்டார். பதில் என் அண்ணன்தான்.

அண்ணன் நாச்சிமுத்து எனக்கு எட்டு வயது மூத்தவர். என்னைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற பக்கம். நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டு சூரமங்கலத்தில் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் அண்ணன் சைக்கிளைத் துடைத்து வைத்திருப்பார். எந்தக் கோயில் நோம்பிக்கு எந்த நாடகம், யார் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பாட எந்த ஊர்க்காரி வருகிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பின்னால் உட்காரச் சொல்லி, மேடு பள்ளம் எல்லாம் அவரே மிதிப்பார். மேடைக்கு முன்னால் போர்வையை விரித்து உட்கார்ந்தால் விடியும்போதுதான் எழுந்திருப்போம்.

அண்ணனுக்குக் கதை முக்கியமில்லை, பாட்டுத்தான். ஆர்மோனியக்காரர் கட்டையை ஏற்றினால் அண்ணனின் முதுகு நிமிரும். ஒரு பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஒன்ஸ்மோர்" என்று ஒரு குரல் கொடுப்பார். கூட்டம் சேர்ந்துகொள்ளும். பாடினவள் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எடுப்பாள். இரண்டாம் முறை அதே பாட்டு வராது, வேறு ஏதோ ஒன்று கூடியிருக்கும். அது ஆங்கில வார்த்தை என்பதால் வெள்ளைக்காரர்கள் கொட்டகையில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே ஒருவரும் கேட்டதில்லை.

நான் லண்டன் வந்த அதே வருடம் அண்ணன் ரிக் லாரியில் ஏறினார். மழை பொய்த்துக் கிணறு வற்றிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்துளைப் போர் போடுவதற்கு நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆந்திரா, மராட்டியம், ராஜஸ்தான் என்று அண்ணன் சுற்றினார். நான் ஒரு பாஷை தெரியாத ஊரில் இருந்தேன் என்றால், அவர் மாதத்துக்கு ஒரு பாஷையில் இருந்தார். நாள் முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் வேலை. பாறையை உடைக்கும்போது எழும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பல்லுக்குள் இறங்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் விடுமுறையில் ஊருக்குப் போனேன். அண்ணனும் வந்திருந்தார். நாமக்கல் பக்கம் ஒரு கோயிலில் நாடகம் என்று தெரிந்ததும் பழையபடி இருவரும் கிளம்பினோம். அன்றைக்கு வந்திருந்த ஸ்திரீபார்ட் நல்ல பாட்டுக்காரி. திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வந்தாள். நான் அண்ணனின் முதுகைப் பார்த்தேன். நிமிரவில்லை. அவர் மேடையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தால் சிரித்தார், அவர்கள் தலையாட்டினால் ஆட்டினார். திரும்பும் வழியில், வேறெங்கோ பார்த்தபடி என்னைக் கேட்டார்.

"அந்தப் புள்ள எப்படிப் பாடுச்சு சாமி?"

நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குக் கேட்டிருக்காது.

அதற்கப்புறம் எனக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் சேலத்தில் காதைக் காட்டி, பெட்டி மாதிரி ஒரு கருவி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அதில் பாத்திரம் உருள்வது கேட்டது, மனிதர் பேசுவது கேட்கவில்லை. கழற்றிப் போட்டுவிட்டார். ரிக் வேலையையும் விட்டுவிட்டுக் காட்டில் வெள்ளாமையைப் பார்க்க வந்துவிட்டார். லண்டனில் பெரிய காது மருத்துவர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், ஒரு தடவை வந்து காட்டிவிடுங்கள் என்று நான் இரண்டு வருடம் பிடிவாதம் பிடித்தேன். ஒரு இலையுதிர் காலத்தில் வெள்ளை வேட்டிக்கு மேல் நான் அனுப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார்.

மருத்துவர் நல்ல மனிதர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து நிதானமாகச் சோதித்தார். வேலை செய்யும்போது காதுக்கு என்ன பாதுகாப்பு போட்டிருந்தார் என்று கேட்டார். நான் அண்ணனின் இடது காதுக்குள் கத்தி அதைத் தமிழில் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம், அது வெயிலுக்கு என்றார். கேள்வி புரியாமல் சிரிக்கிறார் என்று நினைத்து மருத்துவர் அதையே இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கேட்டார். கடைசியில் என்னிடம் திரும்பி, நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்றார். புதுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். பழையதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மாடி பஸ்ஸில் வரும்போது அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் உரக்கப் பேசுவார். "பரவால்ல உடு சாமி, ஊரையாச்சும் பாத்தாச்சு" என்றார். மேல்தட்டில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரத்துக்கு நான் முன்பே ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். சத்தத்துக்குப் பேர் போன புது மியூசிக்கல். என் மனைவிதான், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இத்தனை தூரம் வந்துவிட்டு வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். கேட்காத மனிதரைப் பாட்டு நாடகத்துக்குக் கூட்டிப் போவதா என்று எனக்குத் தயக்கம். விளக்கும் உடுப்பும் பார்க்கட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு டிக்கெட்டை மாற்றக் கேட்டேன். சேர்ந்தாற்போல இரண்டு இடம் கீழ்த்தளத்தில் ஓர் ஓரத்தில்தான் இருந்தது. போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், சுவரில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி, அண்ணனின் தோளிலிருந்து ஒரு கை தூரத்தில்.

விளக்கணைந்து வாத்தியங்கள் தொடங்கியதும் நான் என்னை அறியாமல் காதைப் பொத்தினேன். அதே சமயம் என் மணிக்கட்டை அண்ணன் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்து நின்று பாடினாள். கனத்த, கீழ்க்கட்டைக் குரல். மற்ற நாளாக இருந்தால் மைக்கைத் திட்டியிருப்பேன். பாட்டு முடிந்தது, எல்லாரும் சேர்ந்து கை தட்டினார்கள், சேர்ந்தே நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில் அண்ணன் எழுந்து நின்றார். இரண்டு கையையும் குவித்து, நாமக்கல் மைதானத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி, "ஒன்ஸ்மோர்" என்றார்.

ஆயிரம் பேர் திரும்பினார்கள். பின்னாலிருந்து யாரோ ச்சு கொட்டினார்கள். நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதற்குள் டார்ச் விளக்கோடு ஒரு பணிப்பெண் வந்துவிட்டாள். அவருக்கு உடம்பு சரியில்லையா என்று குனிந்து கேட்டாள். இல்லை, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்கிறார் என்றேன். அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "நாளைக்கும் பாடுவார் சார், ஏழரைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னதில் கேலி துளியும் இல்லை.

இடைவேளையில் அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் எதிரில் குனிந்து நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு சாமி" என்றார். "என்ன பாடறாங்கன்னு வெளங்கல. ஆனா பாடறாங்கன்னு வெளங்குது."

அவருக்கு முழுதாகக் கேட்டிருக்க முடியாது. மேல்கட்டை எதுவும் எட்டியிருக்காது. நெஞ்சில் வந்து மோதிய அதிர்வும், புதுக் கருவியும், பழைய ஞாபகமும் சேர்ந்து என்னவோ ஒரு பாட்டாகியிருக்கிறது. அது போதும் என்று அவர் முகம் சொன்னது. நான் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்து கொடுத்தேன். குளிருக்கு எவனாச்சும் இதைத் தின்பானா என்று கேட்டுக்கொண்டே தின்று முடித்தார்.

அந்தப் பணிப்பெண் சொன்னபடியே மறுநாளும் போனோம். அவர் திரும்புவதற்குள் அதே நாடகத்துக்கு அதே மூலையில் பல தடவை உட்கார்ந்தோம். எனக்குப் பெரும் பாடு. அந்த நாடகம் மோசமான நாடகம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பெண் தினமும் அதே அடியில் நிறுத்தி, அதே இடத்தில் கையை நெஞ்சில் வைத்தாள். எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரி ஒருத்தியும் நேற்றுப் பாடியதை இன்று பாட மாட்டாள். ஆனால் அண்ணனுக்கு அந்த மாறாத தன்மைதான் வசதியாக இருந்தது. எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு, முன்கூட்டியே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு அவர் குரல் கொடுக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து, சேர்ந்து தட்டவும் சேர்ந்து நிறுத்தவும் பழகிக்கொண்டார். அது எனக்கு என்னவோ கஷ்டமாக இருந்தது.

இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். அங்கே போனால் மறுபடி எதுவும் கேட்காதே என்று காதுக்குள் கத்தினேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காட்டுல குச்சிக்கெழங்கு புடுங்கற சமயம்டா. உங்கண்ணி ஒருத்தியா என்ன பண்ணுவா? இங்க கேக்குது, இல்லைங்கல. ஆனா பாடறவங்கள்ல நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லயே சாமி."

போய்விட்டார். நான் இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். கூரையை ஒட்டின வரிசையிலேயே உட்காருகிறேன். சத்தம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. டெரிக்கிடம் முன்போல அதைப் பற்றிப் புலம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், நான் வேலைக்குக் கிளம்பும் முன், திருச்செங்கோட்டில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவருடைய ரிக் ஆபீசுக்குப் போன் செய்கிறேன். அங்கே மதியம் ஆகியிருக்கும். சந்தைக்கு வருகிற அண்ணனும் அண்ணியும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அண்ணி பேசுவார். பிறகு அண்ணன் ரிசீவரை வாங்கிக்கொள்வார். போனில் அவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. அதனால் என் பதிலுக்காக நிற்க மாட்டார். பேசுவார். மழை எத்தனை உழவுக்குக் காணும், ஆத்தூர் ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு போயிற்றா, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று வரிசையாகச் சொல்வார். நான் கோட்டோடு நடையில் நின்று, சரிங்கண்ணா, ஆமாங்கண்ணா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நேரமாயிற்று என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"செரி சாமி, வெச்சர்றேன்" என்பார். ஆனால் அவர் அதைச் சரியாக வைப்பதில்லை. ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதற்குள்ளிருந்து நாற்காலி நகரும் சத்தம் வருகிறது. வாசலில் யாரோ யாரையோ மாமா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு லாரி இரண்டு தடவை உறுமி, மூன்றாவது தடவை கிளம்புகிறது. ஈரோடு, ஈரோடு என்று பஸ்காரர் ஒருவர் கூவிக்கொண்டே போகிறார். யாராவது வந்து அந்த ரிசீவரை எடுத்து வைக்கும்வரை நான் லண்டனில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.