மூன்றாம் நம்பர் டிரையர்

சாவியக்காவிடம் இப்போது சாவி இல்லை. ஆனாலும் அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு வருடம் இடுப்பில் பதினொரு சாவிகள் கொண்ட கொத்தோடு நடந்தவள். அவள் வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும். அந்தக் கொத்து எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். எனக்கு வயிறு எரிகிறது, அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் அவள் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத நீளமான கூடம். நான்கு சலவை இயந்திரங்கள், துணி உலர்த்த நான்கு டிரையர்கள், இரண்டு மடிப்பு மேசைகள், ஓரத்தில் ஒரு தையல் மெஷின். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும். அத்தனையும் வெளுத்து, காய்ந்து, மடிந்து மாலைக்குள் மேலே ஏறியாக வேண்டும். டிரையர்களில் மூன்றாம் நம்பர் கெட்டுப்போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதை எடுத்துப்போகச் சொல்லி அவள் எழுதிப்போட்ட கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை ஆகும். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எப்படியோ போங்கள் என்று அவள் அதற்கு ஒரு பூட்டுப் போட்டுத் தன் அலமாரி ஆக்கிக்கொண்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மழைநாளில் மின்சாரம் போய் டிரையர்கள் மொத்தமும் நின்றுவிட்டன. அன்று பிரசவ வார்டில், பிள்ளை பெற்ற ஒரு பெண் விரிப்பே இல்லாமல் வெறும் ரெக்சின் மெத்தையில் இரண்டு மணி நேரம் கிடந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சாவியக்கா அதைப் பார்த்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் "பரவாயில்லக்கா" என்றாள். அது இவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

விதி என்னவென்றால், விரிப்பில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தாலே பதிவேட்டில் 'கழித்தது' என்று எழுதிக் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டும். சாவியக்கா எழுதுவாள், அனுப்ப மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு, இன்னொரு முறை வெளுத்து, மூன்றாம் நம்பருக்குள் அடுக்கிப் பூட்டிவிடுவாள். எப்போதும் நாற்பது விரிப்பு, பன்னிரண்டு போர்வை அதற்குள் இருக்கும். வார்டில் தட்டுப்பாடு வந்தால் நர்சுகள் போன் போடுவார்கள். "அக்கா, மூணாம் நம்பர்லேர்ந்து பத்து அனுப்புங்க." டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதிலிருந்து ஒரு கைக்குட்டை அளவு துணிகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை.

இனி தங்கை. பத்து வயது இளையவள். ஒரு கடையில் பில் போடுகிற வேலை. படித்தும் இப்படிக் கிடக்கிறேனே என்று வாரம் ஒரு தடவை அக்கா வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்துவாள். எட்டு வார மாலை வகுப்பு, அலுவலக எழுத்தும் ஆய்வும் கற்றுத்தரப்படும் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பக்குவமாக உரித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததே சாவியக்காதான். பாருங்கள், தன் கையாலேயே கொடுத்தாள்.

செவ்வாயும் வியாழனும் ஆறிலிருந்து எட்டு மணிவரை வகுப்பு. அந்த நேரத்தில் தங்கையின் நாலு வயது மகள் சாவியக்கா வீட்டில். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள், அந்தக் குட்டிக்குக் குதிரையாகவும் இருப்பாள். அவள் புருஷன் சிரிப்பார். "படிக்கிறது தங்கச்சி, முட்டி தேயறது அக்காவுக்கு. நல்ல படிப்புதான்!"

ஐந்தாவது வாரம் தங்கை அழுதுகொண்டே வந்தாள். ஏதாவது ஒரு வேலையிடத்தை ஆராய்ந்து பத்துப் பக்க அறிக்கை எழுத வேண்டுமாம். அவள் கொடுத்த இரண்டு தலைப்பையும் வகுப்பு ஆசிரியை திருப்பிவிட்டாளாம். ஓரத்தில் சிவப்பு மையில், 'இது எல்லோருக்கும் தெரிந்ததே. இதில் உங்கள் கண்டுபிடிப்பு என்ன?'

"எனக்கு யாரு இருக்காங்கக்கா? எந்த ஆபீஸ்ல என்னை உள்ள விடுவாங்க?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? எங்க கூடத்துக்கு வா," என்றாள் அக்கா.

மூன்று சனிக்கிழமைகள் தங்கை நோட்டும் கையுமாக வந்தாள். அவள் கேட்கக் கேட்க சாவியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் 'இதை ஏன் இப்படிச் செய்றீங்க' என்று அவளை யாருமே கேட்டதில்லை. மூன்றாவது சனிக்கிழமை மூன்றாம் நம்பரைத் திறந்தே காட்டிவிட்டாள். காட்டின கையோடு பதறிப்போய், "இதை மட்டும் எழுதிடாதடி," என்றாள்.

"பேரு போட மாட்டேன்கா. வகுப்புக்குள்ளதான் இருக்கும். மிஸ் படிப்பாங்க, மார்க் போடுவாங்க, அவ்ளோதான்." சொல்லிக்கொண்டே ஒரு படிவத்தை நீட்டினாள். "பேட்டி கொடுத்தவங்ககிட்ட வாங்கணுமாம். சும்மா ஒரு கையெழுத்து."

சாவியக்காவின் கை சோப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. புடவையில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு போட்டாள். மை கொஞ்சம் பரவியது. அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. உடன்பிறந்தவள் நீட்டும் காகிதத்தை எவள் படிக்கிறாள்?

கடைசி வகுப்பன்று ஒவ்வொருவரும் தங்கள் அறிக்கையைப் பற்றிப் பேசினார்கள். சாவியக்காவும் போயிருந்தாள். கை வைக்கப் பலகை உள்ள நாற்காலியில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். தங்கை துணி எடை, தண்ணீர் அளவு என்று படம் படமாகக் காட்டினாள். மூன்றாம் நம்பரைப் பற்றி மூச்சு விடவில்லை. முடிவில் ஆசிரியைக்கு நன்றி சொன்னாள், கூடப் படித்தவர்களுக்கு நன்றி சொன்னாள், "தகவல் தந்த ஒரு பணியாளருக்கும்" என்றாள். வீட்டுக்கு வந்து சாவியக்கா புருஷனிடம், "ஒரு பணியாளர்னு சொன்னா பாருங்க, அது நான்தான்," என்று பூரித்துப்போய்ச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு நிர்வாக அதிகாரி இரண்டு பேரோடு கூடத்துக்குள் நுழைந்தார். ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காதவர் நேராக மூன்றாம் நம்பர் முன்னால் போய் நின்றார். கையில் ஒரு அறிக்கை. அட்டையில் தங்கையின் பெயர், கொட்டை எழுத்தில்.

"திறங்க."

திறந்தாள். எண்ணினார்கள். நாற்பது, பன்னிரண்டு. அதிகாரி ஏழாம் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார். "'பேப்பர்ல செத்த துணிதான் சார் இங்க ஆளைக் காப்பாத்துது' என்கிறார், இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள பெண் பொறுப்பாளர்." நிமிர்ந்து பார்த்தார். "அப்படி இங்க வேற யாராவது இருக்காங்களா?"

மடிப்பு மேசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது அவள் சொன்ன வாக்கியம்தான். 'சார்' மட்டும் தங்கை சேர்த்தது. கழித்ததாக எழுதிய சொத்தைப் பதுக்கிய குற்றம், ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், அதுவரை பொறுப்பு கிடையாது என்றார். அவள் இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றி மடிப்பு மேசையில் வைத்தாள்.

தங்கை அன்று மாலையே வந்தாள்.

"அக்கா, நான் பேரு போடலையே!"

"போடல. வருஷம் போட்டிருக்க, பொம்பளைன்னு போட்டிருக்க, மூணாம் நம்பர் போட்டிருக்க. எனக்குப் பல்லு எத்தனைன்னு மட்டும்தான் போடல. வகுப்புக்குள்ளதான் இருக்கும்னியே, அது ஆஸ்பத்திரிக்கு எப்படிடி வந்துச்சு?"

தங்கை தரையைப் பார்த்தாள். மருத்துவமனையின் தரக் கண்காணிப்புப் பிரிவில் ஒரு வேலை காலியாம். மாதிரிக்கு ஒரு அறிக்கை இணைக்கச் சொன்னார்களாம். "என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்கா. நேத்து ஆர்டர் வந்துடுச்சு."

"ஏழாம் பக்கத்தையாவது கிழிச்சிட்டு அனுப்பியிருக்கலாமே?"

"அந்தப் பக்கம்தான்கா அதுல விஷயமே. மத்ததெல்லாம் எல்லாரும் எழுதறதுதான்."

ஆக, தெரியாமல் நடந்த தப்பு இல்லை. எந்தப் பக்கம் அக்காவின் கழுத்தை இறுக்கும் என்று தெரிந்து, அந்தப் பக்கத்துக்காகவே அனுப்பியிருக்கிறாள். சாவியக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடம் யாருக்குத் தலைவாரிவிட்டேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற புருஷன் அன்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

தங்கை பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தாள். "நீதானேக்கா கையெழுத்து போட்ட? மூணாவது வரியில தெளிவா இருக்கு." தேவைப்பட்டால் இந்தத் தகவலை நிறுவனத்துக்கும் அளிக்கலாம் என்று இருந்தது. கீழே சாவியக்காவின் கையெழுத்து, ஈரத்தில் பரவிய மையோடு.

சாவியக்கா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கை அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "நீ கவலைப்படாத. அந்த விளக்கத்தை நான் எழுதித் தரேன். அதுக்குத்தானே படிச்சேன்?"

இரண்டு நாளில் கொண்டுவந்தாள். ஒரு பக்கம், தட்டச்சு செய்தது, பிழை கிடையாது. பேனாவையும் மூடி திறந்து நீட்டினாள். "கீழ ஒரு கையெழுத்து போடு."

"இரு. படிக்கணும்."

சாவியக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். 'குறைந்த கல்வித் தகுதி காரணமாக விதிமுறைகள் குறித்து எனக்குப் போதிய அறிவு இல்லை. அறியாமையால் நேர்ந்த இப்பிழையை மன்னிக்குமாறு...'

"எனக்கு அறிவு இல்லையா?"

"அப்படி எழுதினாத்தான் விடுவாங்கக்கா. சாவியும் திரும்பக் கிடைக்கும்."

சாவியக்கா அந்தத் தாளைத் திருப்பிப்போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதே பேனாவால், மருந்துச்சீட்டு மாதிரிக் கோணல் மாணலாக எழுதினாள்.

'மூன்றாம் நம்பர் டிரையரில் துணி வைத்தது நான். விதி எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். பிள்ளை பெற்ற ஒரு பெண் வெறும் மெத்தையில் கிடந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிக் கிடக்கவில்லை. நர்சுகளைக் கேளுங்கள்.'

கையெழுத்துப் போட்டாள். தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்த தங்கையின் முகம் மாறியது. அழப்போகிறாள் என்றுதான் சாவியக்கா நினைத்தாள். மன்னித்துவிடக்கூடத் தயாராக இருந்தாள் என்று நினைக்கிறேன்.

"எவ்ளோ நல்லா எழுதியிருக்கக்கா!" என்றாள் தங்கை. கை அதற்குள் போனைத் தேடியது. "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? புது வேலையில முதல் அறிக்கை சலவைக்கூடத்தைப் பத்திதான். பேரு போட மாட்டேன்."

சாவியக்கா தாளை நாலாக மடித்து, சாவி தொங்கிய இடத்தில், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடாத," என்றாள். "இனிமே அக்கான்னும் போடாத."