முப்பத்தோராம் பக்கத்து முத்திரை

எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் நான் ஒருமுறைகூடத் திட்டாத ஒரே ஆள் பல்செட்காரர்தான். புத்தகத்தின் மூலையை மடக்குகிறவர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள், மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துத் தூங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் குறை கண்டுபிடிக்க எனக்கு வழியே இருந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவர். முப்பது வருட வேலை. ஜன்னலோரத்து மேஜைமேல் யார் யாருடைய வாயோ பிளாஸ்டர் அச்சுகளாக வரிசையாய் இளித்துக்கொண்டிருக்கும். அவர் நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைத் தூள். பேச்சு குறைவு. படகோட்டி கதையை எடுத்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

படகோட்டி கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய பேய்க்கதை. ஆற்றோடு போன ஒரு படகோட்டி, செத்த பிறகும் ஆட்களை அக்கரை சேர்த்துக்கொண்டே இருப்பான். அவன் துடுப்பு தண்ணீரில் படவே இல்லை என்பதை இறங்கும்போதுதான் கவனிப்பார்கள். நூறு வருடமாக அச்சாகிற கதை, மலிவுப் பதிப்பு நடைபாதையில் குவிந்துகிடக்கும். இவர் தேடியது அதையல்ல. தோல் அட்டை, தங்க விளிம்பு, கையால் போட்ட தையல், ஓவியங்களின்மேல் மெல்லிய தாள் என்று ஆசை ஆசையாகச் செய்த பதிப்புகளைத்தான். விடுமுறை நாளெல்லாம் பழைய புத்தகக் கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்கள் வாசலிலும் அலைந்து பதினொன்று சேர்த்திருந்தார். படிப்பதற்கு அட்டை கிழிந்த மலிவுப் பதிப்பு ஒன்று. நல்லவற்றில் ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். சும்மாச் சும்மாப் புரட்டினால் தையல் விட்டுப்போகுமாம்.

அந்தப் பதினொன்றில் அவர் உயிர் ஒரு கருநீலத் தோல் பதிப்பில் இருந்தது. மொத்தமே நூற்றைம்பது பிரதிகள். இது நாற்பத்து மூன்றாவது என்று உள்ளே பேனாவால் எழுதியிருக்கும். ஒன்பது வருடம் ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் தன் முதலாளியின் அறையிலேயே கண்டுபிடித்தார். பெரிய டாக்டர் இறந்தபின் அவர் அறையை ஒழிக்க இவரைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே பெட்டிகளுக்குப் பின்னால் இருந்ததாம். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகனான சின்ன டாக்டர் எதையும் பார்க்காமலே சொல்லிவிட்டார். "முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கோம், மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே கதைமேல பைத்தியம். ஒரு நாள்கூடப் பேசிக்கிட்டதில்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

வாசகர் வாரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அந்தப் பதினொன்றையும் தரும்படி நச்சரித்தது நான்தான். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒவ்வொன்றையும் துவாலையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கென்று பார்த்துப் புதுப் புத்தகங்கள் நூற்றிருபது வந்து இறங்கியிருந்தன. அவற்றில் நூலக முத்திரை குத்துவது என் வேலை. முதல் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே ரகசியப் பக்கத்தில் ஒன்று. எங்களுக்கு ரகசியப் பக்கம் முப்பத்தொன்று. திருடுகிறவன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்துவிட்டாலும் இது அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். மறக்கக்கூடாது என்று ரகசியப் பக்கத்தைத்தான் நான் முதலில் குத்துவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, என் தங்கையை ஏதோ குடும்ப விஷயமாக வாட்டி எடுத்துக்கொண்டே கையை ஓட்டினேன். கருநீலப் புத்தகம் அந்த அடுக்கில் எப்படிச் சேர்ந்தது? நான்தான் இடம் போதாமல் நகர்த்தி வைத்தேன், வேறு யார்? தாள் இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று உறைத்தபோது ஊதா மை காய ஆரம்பித்திருந்தது.

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஒற்றுத்தாளை எடுத்து ஒற்றினேன். ஒன்றும் போகவில்லை. நூலகத்தின் பெயர் வளைவு பிசகாமல் பளிச்சென்று இருந்தது. மூடிவிட்டேன். ஓவியங்களைத் தவிர வேறு பக்கத்தை அவர் திறக்கப்போவதில்லையே என்று நினைத்தேன். நினைத்ததுதான் தாமதம், மனசு சமாதானமாகிவிட்டது. அது அவ்வளவு சுலபமாகச் சமாதானமானதை இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வாரம் முடிந்ததும் வந்து, பதினொன்றையும் துவாலைகளில் சுற்றிக்கொண்டு, நாலு முறை நன்றி சொன்னார். மேடம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று போகிற இடமெல்லாம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் இறங்கியது.

ஐந்து மாதம் கழித்து, அரிய புத்தகங்கள் சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர விரும்பி, கருநீலப் புத்தகத்தை அவர்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் பக்கம் பக்கமாகப் பரிசோதித்து, முப்பத்தொன்றில் நின்றுவிட்டார். இது நூலகத்துப் புத்தகமாயிற்றே, உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நாற்பது பேர் முன்னால் கேட்டிருக்கிறார். இவர் பெரிய டாக்டர் பெயரைச் சொல்ல, மறுநாளே அது சின்ன டாக்டர் காதுக்குப் போய்விட்டது. அப்பாவிடம் அப்படியொரு புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை, செத்துப்போன மனுஷன் தலையில் கட்டுகிறீர்களா என்று அவர் குதித்திருக்கிறார். விஷயம் தெளிவாகும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அவரே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. துவாலைப் பொட்டலத்தை என் முன்னால் வைத்தார். அந்தக் காலத்தில் பெரிய டாக்டர் இதை இங்கிருந்து எடுத்துப் போய்த் திருப்பித் தராமல் விட்டாரா என்று பழைய பதிவேடுகளில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். உங்களுடையதாக இருந்தால் இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றார்.

"இங்க குடுத்திருந்தப்பதான் யாரோ குத்தியிருப்பாங்கன்னு என் சம்சாரம் சொன்னா, மேடம். வாய மூடுன்னு அதட்டிட்டேன். அந்த மேடம் தெரியாம குத்தியிருந்தாக்கூட அன்னைக்கே சொல்லியிருப்பாங்கன்னேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்ப் பழைய பதிவேடுகளை இறக்கினேன். தூசி தட்டினேன். அதில் இருக்காது என்று தெரிந்தே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினேன். ஒரு மணி நேரம் இந்தக் கூத்து. அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பதிவேட்டில் இல்லை, முத்திரை எப்படியோ விழுந்திருக்கிறது என்று பட்டும் படாமல் ஒரு கடிதம் கொடுத்தால் அவர் வேலையும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். வாசகம்கூட மனசுக்குள் தயாராகிவிட்டது.

மூன்றாவது பதிவேட்டைத் திறந்தபோது எனக்குத் தும்மல் வந்தது. அவர் உடனே எழுந்து வந்து, உங்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, நான் புரட்டுகிறேன், நீங்கள் தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"தேட வேண்டாம், சார். குத்தினது நான்தான். குத்தின அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை எடுத்தேன். எந்த நாளில் குத்தினேன், எப்படிக் குத்தினேன், எத்தனை மாதம் மறைத்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சங்கத்துக்கு ஒன்று, சின்ன டாக்டருக்கு ஒன்று. அவர் கத்தினால் தேவலாம் என்று இருந்தது. அவர் இரண்டையும் நிதானமாகப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேலை போனதுகூடப் பரவாயில்ல, மேடம். மூணு வாரமா பெரிய டாக்டரைத் திருடன்னு நெனச்சுட்டேன். என்னை இப்படி மாட்டி விட்டுட்டுப் போயிட்டானேன்னு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறது?"

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் ஏதாவது வழி சொல்வேன் என்று நிஜமாகவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.