தொடையருகே ஒரு தையல்

நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது பந்தய உடைகளில் ஜிப்பே கிடையாது, விதி மாறிவிட்டது. முதுகில் ஜிப் இழுத்துவிட்ட காலத்துப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன்மேல் உடையை வழுக்கவிட்டு, நகம் படாமல் இடுப்புவரை ஏற்றிவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "மூச்ச வெளிய விடு கண்ணு. ரெண்டு இட்லி கூடுதலா சாப்டுட்டியா என்ன?" என்று கேலி பேசிக்கொண்டே முடித்துவிடுவாள். ஆனால் எந்தப் பெண்ணின் முதுகைத் தொட்டாலும் அவள் விரல்கள் ஒரு கணம் அங்கேயே நின்றுவிடும். செத்துப்போன மகளின் முதுகு அது இல்லை என்று விரல்களுக்குத் தெரிய அவ்வளவு நேரம் ஆகும்.

மகள் நீந்திக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கறுப்பு உடைகள் வந்தன. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும். துணியா ரப்பரா என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரை உள்ளே விடாமல் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். போட்டவர்களெல்லாம் பழைய நேரங்களை ஊதித் தள்ளினார்கள். மகளுக்கு அவள் மாமா வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கி அனுப்பினார். அவள் அதைப் போட்டுக்கொண்டு நீந்தியது ஒரே ஒரு போட்டியில்தான். அன்று இருநூறு மீட்டரில் அவள் எடுத்த நேரம் குளத்தின் முன்கூடத்துச் சாதனைப் பலகையில் ஏறியது.

அன்று வீட்டில் மகளின் அப்பா சும்மா இருக்கவில்லை. "அந்த ரப்பர் பையை மட்டும் தண்ணில தூக்கிப் போட்டிருந்தாலும் அதுபாட்டுக்கு அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இவ எதுக்கு நடுவுல?" என்றார். வாய்க்கு வந்த வேடிக்கை, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த பருவத்தில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. சாதாரண உடையில் மகள் எவ்வளவு முட்டி மோதியும் அந்த நேரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு நீந்துனது நானா, அதுவா?"

"எது நீந்துனா என்ன, பேரு உன்னோடதுதானே" என்றாள் இவள், துணி மடித்துக்கொண்டே. மகள் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். கேள்வி மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. விடிகாலையில் ஆளில்லாத குளத்தில் நீர் தானாக அசையும்போது அது மகள் நீந்திய நாலாவது தடத்திலிருந்து எழுந்து வரும்.

மகளோடு சேர்ந்து நீந்திய தோழிதான் இப்போது அங்கே பயிற்சியாளர். சென்ற வாரம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பலகையைப் புதிதாக எழுதப்போகிறார்களாம். தடை செய்த உடையில் எடுத்த நேரங்கள் வேண்டாம் என்று சங்கத்தில் பேச்சு. "நீங்க சரின்னா எடுத்துடுவாங்கம்மா. இல்லன்னா பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டு, இந்த உடையில எடுத்ததுன்னு கீழ எழுதிடலாம்." போட்டி முடிந்ததும் சொல்கிறேன் என்றாள் ஜிப் அக்கா. எடுத்துவிடச் சொல்வது என்றுதான் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். உடைக்குச் சொந்தமானதை மகள் பெயரில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காவல் காப்பது?

போட்டியன்று ஒருத்தி அவசரத்தில் தானே உடையை இழுத்து இடுப்பருகே கிழித்துக்கொண்டாள். அழுத பெண்ணைப் பயிற்சியாளர் தட்டிக்கொடுத்தாள். "போனா போகுது, பழசப் போட்டுக்க. இதாவது துணி. நாங்க நீந்துன காலத்து உடை கிழிஞ்சா தொலைஞ்சோம். உள்ள பூந்த தண்ணி வெளிய வராது. குடத்தக் கட்டிக்கிட்டு நீந்துற மாதிரி இருக்கும். அதுக்கு ஒண்ணுமே போடாம நீந்தலாம்."

பெண்கள் சிரித்தார்கள். ஜிப் அக்காவின் கை மட்டும் அப்படியே நின்றது.

மகள் அந்த உடையில் நீந்திய அன்று மாலை அதை அலசும்போது வலது தொடையருகே விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. பள்ளிப் பாவாடையின் ஓரத்தை எடுத்துத் தைப்பதுபோலக் கறுப்பு நூலால் நெருக்கித் தைத்துவிட்டாள். அதை ஒரு விஷயமாக யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அது எப்போது கிழிந்தது? கழற்றும்போது என்றால் ஒன்றுமில்லை. மாட்டும்போது என்றால்?

கண்ணை மூடினாள். ஏணியில் ஏறி வருகிறாள் மகள். இடது கால் வந்துவிட்டது. வலது கால் பின்தங்குகிறது. கணுக்காலிலிருந்து நீர் குழாய்போலக் கொட்டுகிறது. "கால் பிடிச்சுக்கிச்சா?" என்று இவள் கேட்கிறாள். "இல்லம்மா, பாதியிலேருந்து ஒரே கனம்" என்கிறாள் மகள். அந்தக் காலுக்கு இவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அலமாரியில் பவுடர் தூவி வைத்திருந்த மகளின் உடையை எடுத்துக் குளியலறைக் கொக்கியில் மாட்டினாள். தன் தையலைத் தானே பிளேடால் பிரித்தாள். கணுக்கால் முனையை நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு, கிழிசல் வழியே குவளை குவளையாக ஊற்றினாள். முதலில் கெண்டைக்கால் திரண்டது. பிறகு முழங்கால். பிறகு தொடை. கொக்கி முனகியது. பல வருடமாகத் தட்டையாக மடிந்து கிடந்த கால் அவள் முன்னால் முழுசாக நின்று மெல்ல ஆடியது.

சத்தம் கேட்டு வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு குனிந்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல அந்தக் காலின் அடியில் கை கொடுத்துப் பார்த்தார்.

"இவ்வளவையுமா இழுத்துக்கிட்டு வந்தா?"

"பாதித் தூரம்."

அவர் கையை எடுக்கவில்லை.

"பலகைல நட்சத்திரம் போடச் சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"எதுவும் போட வேணாம். எடுக்கவும் வேணாம். அந்தக் கோச் பொண்ண இங்க வரச் சொல்லு, பாக்கட்டும்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீந்துனது அவதான்னு நம்ம புள்ளகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

கிழிசலின் ஓரத்தில் நீர் கசிந்து ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்தது. நாடாவின் முடிச்சை அவிழ்க்க இருவருக்குமே கை வரவில்லை.